பச்சை மூடி, சிவப்பு மூடி

பீர்க்கன்கரணை
12 ஜூலை 2025

அன்புள்ள சித்திகாவுக்கு,

கெசியா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் என் டியூஷன் பிள்ளைகளும் சுகம். நீயும் பாட்சா அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று மத்தியானத்திலிருந்து நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. கோபப்படாதே. கோபம் வந்தாலும் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

போன வாரம் உனக்குப் போன் செய்து, "உன் வல்லாரை எள்ளுருண்டை வேலை செய்யுதுடி, பிள்ளைங்க எல்லாருக்கும் ஞாபக சக்தி கூடியிருக்கு" என்று கத்தினேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். நாற்பத்திரண்டு வயதில் தபால் வழியில் உளவியல் படிக்கிறேன் என்று நீ கேலி செய்யாத நாளில்லை. அந்தப் படிப்புக்காக ஒரு சின்ன ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். நீ புதிதாகத் தொடங்கியிருக்கும் உருண்டையையே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு இருபது சொற்களைக் காட்டி, மறைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் தினமும் ஆளுக்கொரு உருண்டை. பிறகு மறுபடி அதே சோதனை. எல்லோரும் முன்னைவிடக் கூடுதலாக எழுதினார்கள். நான் குதித்தேன், நீயும் குதித்தாய்.

இன்று காலை தாம்பரத்தில் நேர்முக வகுப்பு. எங்கள் அச்சுதன் சாரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கேட்டார்: "ரெண்டு தடவையும் அதே இருபது வார்த்தையாம்மா?"

"ஆமா சார்."

"அப்ப பொரி குடுத்திருந்தாலும் கூடத்தான் எழுதியிருப்பாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? ஒரு தடவை எழுதிய பரீட்சையை மறுபடி எழுதினால் யாருக்கும் நன்றாகத்தான் வரும். உருண்டை சாப்பிடாத பிள்ளைகள் எவ்வளவு எழுதினார்கள் என்று அடுத்துக் கேட்டார். சாப்பிடாத பிள்ளை ஒன்றுகூட இல்லையே! ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும் என்பது பாடப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அதில் எனக்கு எண்பது மார்க் வேறு.

ஆகவே முதலிலிருந்து செய்யப்போகிறேன். நீ இரண்டு டப்பா உருண்டை செய்து அனுப்பு. ஒன்றில் வல்லாரை இருக்க வேண்டும், இன்னொன்றில் இருக்கக் கூடாது. பார்வைக்கும் ருசிக்கும் இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றுக்குப் பச்சை மூடி, ஒன்றுக்குச் சிவப்பு மூடி போடு. எது எது என்று உனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வல்லாரைப் பிள்ளைகளை நான் என்னையறியாமல் கொஞ்சம் கூடுதலாகத் தட்டிக்கொடுத்துவிடுவேன். போனில் பேசினால் நீ இரண்டாவது நிமிடமே உளறிவிடுவாய் என்பதால் இது முடியும்வரை கடிதம்தான். கொடுப்பவரும் சோதிப்பவரும் சினேகிதிகள் என்றால் எல்லாம் எழுத்தில் இருப்பது நல்லது என்று சாரும் சொன்னார்.

ஒரே ஒரு வேண்டுகோள். முடிவு தெரியும்வரை நீ அச்சுக்குக் கொடுத்த அந்த லேபிளை ஒட்டாதே.

என்றும் உன்
கெசியா


கேளம்பாக்கம்
17 ஜூலை 2025

மதிப்பிற்குரிய உளவியல் மேதை கெசியா அம்மையாருக்கு,

சித்திகா எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையில் நாங்கள் நலம். உன் கடிதம் வரும்வரை இன்னும் நலமாக இருந்தோம்.

லேபிளை ஒட்டாதே என்று சுலபமாக எழுதிவிட்டாய். அச்சடித்து வந்து கூடத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறதடி! "சித்திகா உருண்டை. ஞாபக சக்தியைக் கூட்டும். ஆய்வில் நிரூபிக்கப்பட்டது." உன் வாயிலிருந்து வந்ததைத்தான் அச்சடித்தேன். நிரூபித்தவளே இப்போது பொரியும் போதும் என்கிறாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் மூன்று பள்ளிக்கூடங்களில் கேன்டீன் நடத்தும் ஷ்யாம்சுந்தர் சார், "ஆய்வுல ப்ரூவ் ஆச்சுன்னா மூணு ஸ்கூலுக்கும் எடுத்துக்கிறேம்மா, சும்மா உருண்டைன்னா என்கிட்டயே நாலு பேர் போடறாங்க" என்று சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் ஏசி மெக்கானிக் பாட்சா வீட்டுக்காரம்மா, இஃப்ராவோட அம்மா. கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூட என் பேர் தெரியாது. முதல்முறையாக ஒரு டப்பாவின் மேல் என் பேர் இருக்கிறது. அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொன்னால் சிரிப்பாய். உன் கையில் இருப்பது அதுதான் என்று ஞாபகம் வைத்துக்கொள். ஞாபகத்துக்கு உருண்டை வேண்டுமானால் அனுப்புகிறேன்.

சரி, நீ கேட்டபடி செய்துவிட்டேன். கறுப்பு எள் என்பதால் நிறத்தில் தொல்லை இல்லை. வல்லாரை இல்லாததில் அந்த இலேசான கசப்புக்கு ஒரு சிட்டிகை வெந்தயப் பொடி போட்டேன். ஆராய்ச்சிக்காக எங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டையும் கொடுத்து எது வல்லாரை என்று கேட்டேன். நாலு தின்றுவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. இதுல இன்னா ஆராய்ச்சி? இன்னும் ரெண்டு குடு" என்றார். ஆகவே உன் சாரிடம் சொல், ருசியில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

டப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வரும், கண்டக்டர் தம்பியிடம் தாம்பரத்தில் வாங்கிக்கொள். ஆகஸ்ட் இருபத்து நாலாம் தேதி இங்கே ஒரு அபார்ட்மென்டில் விற்பனைத் திருவிழா, எனக்கு ஒரு கடை கிடைத்திருக்கிறது. ஷ்யாம்சுந்தர் சாரும் வருகிறார். அதற்குள் முடித்துக் கொடு.

கோபத்துடனும் அன்புடனும்
சித்திகா


பீர்க்கன்கரணை
27 ஜூலை 2025

அன்புள்ள சித்திகா,

டப்பாக்கள் பத்திரமாக வந்தன. முதல் வேலையாகப் பெற்றோர்களைக் கூப்பிட்டு, உருண்டையில் என்னென்ன இருக்கிறது, எதற்காகக் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். போன தடவை வாயால் கேட்டதோடு சரி. எள் ஒத்துக்கொள்ளாத பையன் ஒருவனை விட்டுவிட்டேன். மீதி இருபத்திரண்டு பேர். நன்றாகப் படிக்கிறவர்களை நானே ஒரு பக்கம் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, பேர்களைச் சீட்டெழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கிப் பிரித்தேன். பதினொரு பேருக்குப் பச்சை, பதினொரு பேருக்குச் சிவப்பு.

மூன்றாம் நாளே வினை வந்தது. ஏழாம் வகுப்பு ஜெனி தெரியுமல்லவா, ஏரிக்கரைத் தெருவில் இருக்கிற வாயாடி? அவள் என்னிடம் வந்து, "மிஸ், செவப்பு மூடி உருண்டை துன்னதுலேர்ந்து எனக்கு எல்லாம் ஞாபகம் வருது மிஸ். நேத்து அப்பா வண்டி சாவிய எங்க வெச்சாருன்னு நான்தான் சொன்னேன்" என்கிறாள். உடனே பச்சை மூடிப் பிள்ளைகள் எல்லாம் எங்களுக்கும் சிவப்பு கொடுங்கள் என்று ஒரே கூச்சல். அவள் சாப்பிடுவது வல்லாரையா வெறும் எள்ளா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம்பிக்கை மட்டும் வேலை செய்கிறது. வெறும் மாத்திரை கொடுத்தாலே பாதி வலி போய்விடும் என்று படித்தது இதுதான். அன்றிலிருந்து டப்பாவை உள்ளே வைத்து, உருண்டையை மட்டும் தட்டில் எடுத்துவந்து கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நேற்று அச்சுதன் சார், எது எந்த டப்பா என்ற விவரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

"உருண்டை செய்யற என் ஃப்ரெண்டுகிட்ட சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முடிவால யாருக்கு லாபமோ அவங்ககிட்டயேவா? மூணாவது ஆள்கிட்ட குடுத்திருக்கணும்மா. நாளைக்கு அவங்க எதைச் சொன்னாலும் நீ எழுதிப்ப. சரிபாக்க என்ன வழி இருக்கு?"

"சார், அது சித்திகாகிட்ட இருக்கு" என்றேன். "அது ஒரு முறை இல்லம்மா" என்று சிரித்தார். ஆனால் பாதியில் மாற்ற முடியாது, நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் உனக்குத் தப்பான கணக்குக்கு மார்க் போட்டுவிட்டதும், நீயே எழுந்துபோய்ச் சொல்லி, முதல் ரேங்க் எனக்கு வந்ததும் அவருக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால், ஒரே ஒரு சம்பவத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றிருப்பார். அதுவும் சரிதான்.

அன்புடன்
கெசியா


கேளம்பாக்கம்
2 ஆகஸ்ட் 2025

கெசியாவுக்கு,

உன் அச்சுதன் சாரிடம் சொல், சித்திகாவை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருக்க மாட்டார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் நீ மறைக்காமல் எழுதியது பிடித்தது.

வீட்டில் இவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "எந்தக் கலர் ஜெயிக்குதோ அதான் வல்லாரைன்னு எழுதிடு. யாருக்குத் தெரியப் போவுது? இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்கினு கீறியே." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அடுப்படியில் பாகு காய்ச்சும்போதும் அதுவே ஞாபகம் வந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

ஷ்யாம்சுந்தர் சார் இரண்டு முறை போன் செய்துவிட்டார். கிண்டி பக்கத்திலிருந்து யாரோ பாதாம் உருண்டை கொண்டுவந்து காட்டினார்களாம். சீக்கிரம் முடி. எது எது என்று நான் மூச்சு விடவில்லை, இதற்கே எனக்கு ஒரு பட்டம் தர வேண்டும்.

சித்திகா


பீர்க்கன்கரணை
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சித்திகா,

முடிந்துவிட்டது. இந்த முறை புதிய சொற்கள், எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே அறை. விடைத்தாளில் பேரை மறைத்துவிட்டுத்தான் திருத்தினேன்.

பச்சை மூடிப் பிள்ளைகள் சராசரியாகப் பதின்மூன்று சொல் எழுதினார்கள். சிவப்பு மூடிப் பிள்ளைகள் பதினொன்று. சாவி கண்டுபிடித்த நம் ஜெனி எட்டு.

துள்ளிக் குதிக்காதே, அழவும் அழாதே. இத்தனை குறைவான பிள்ளைகளில் இரண்டு சொல் வித்தியாசம் சீட்டு விழுந்த விதத்திலேயே வந்துவிடக்கூடும் என்கிறார் சார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் தெரிகிறது. பச்சையில் இருப்பது எதுவானாலும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதையும் அறிக்கையில் எழுதுவேன். ஆனால் "வல்லாரை சாப்பிட்டவர்கள் கூடுதலாக எழுதினார்கள்" என்ற ஒரு வரி இருந்தால் உன் ஷ்யாம்சுந்தர் சாருக்கு அது போதும், இல்லையா? அது எனக்கும் தெரியும்.

இப்போது சொல், பச்சை எது? நீ எழுதுவதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவேன். இரண்டாம் முறை கேட்க மாட்டேன். செப்டம்பர் ஆறாம் தேதி கொடுக்க வேண்டும்.

உன்
கெசியா


பீர்க்கன்கரணை
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சித்திகா,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. தபால்காரரை நான் தினமும் கேட்பதால் அவர் இப்போது என்னைக் கண்டதும் கையை விரித்துவிட்டே போகிறார்.

நேற்று உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் திருவிழாக் கடையின் படம் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய், பின்னால் உருண்டை டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பச்சை மூடி. ஒரு சிவப்புகூடக் கண்ணில் படவில்லை.

உன்னிடம் எதற்கு ஒளிக்க வேண்டும்? ஜெயித்த நிறத்தையே வல்லாரை என்று ஆக்கிவிட்டாயோ என்று சந்தேகம் வந்தது. அதன் பிறகு மனசு என்ன வேலை செய்தது என்று கேள். நீ பதில் போடாதது, பாட்சா அண்ணன் சொன்னது, பாகு காய்ச்சும்போது சிரிப்பு வரவில்லை என்று நீ எழுதியது, எல்லாவற்றையும் பொறுக்கிப் பொறுக்கி ஒரே பக்கமாக அடுக்கியது. முப்பது வருடப் பழக்கத்தில் அதற்கு எதிராக இருப்பதில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. நாம் நம்பத் தொடங்கியதற்குச் சாதகமானது மட்டுமே கண்ணில் படும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான் நான். படித்தால் மட்டும் போகாது போலிருக்கிறது.

அறிக்கை தயார். ஒரே ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இரண்டாம் முறை கேட்க மாட்டேன் என்றேன், இப்போதும் கேட்கவில்லை. நீ எழுதுவது அங்கே போகும். நீ எழுதாவிட்டால் அது காலியாகவே போகும்.

கெசியா


கேளம்பாக்கம்
28 ஆகஸ்ட் 2025

கெசி,

பச்சை மூடி வெறும் எள்.

இதை முதல் வரியில் எழுதிவிட்டால்தான் மீதியை எழுத முடியும், அதனால் எழுதிவிட்டேன். வல்லாரை சிவப்பில் இருந்தது. உன் ஜெனி தின்றதுதான் வல்லாரை. நான் பார்த்துப் பார்த்து அரைத்துப் போட்ட வல்லாரையைத் தின்றுவிட்டு அந்தப் பெண் எட்டே சொல் எழுதியிருக்கிறாள், நன்றாக இருக்கட்டும்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்ததும் உட்கார்ந்து பதில் எழுதினேன். "பச்சைதான் வல்லாரை" என்று எழுதினேன். ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டி எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. அதுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன். ஒரு சொல்தானே, யாருக்கும் நஷ்டமில்லையே, எள்ளும் வல்லாரையும் உடம்புக்கு நல்லதுதானே என்று ஆயிரம் சமாதானம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நீ உன் சாரிடம், "அது சித்திகாகிட்ட இருக்கு" என்று சொன்னாயே, அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

பத்தாம் வகுப்பில் அந்தக் கணக்கைத் திருப்பிக் கொடுத்தது பெரிதே இல்லை. அப்போது போனது ஒரு ரேங்க், அதுவும் உனக்குத்தான் வந்தது. இப்போது போவது என் பேர் போட்ட டப்பா. எனக்கு அழுகையாக வந்தது, அழுதேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஷ்யாம்சுந்தர் சாருக்கு நானே போன் செய்தேன். "சார், ஆய்வுல ஒண்ணும் நிரூபணம் ஆகல. வெறும் எள்ளு தின்ன பசங்கதான் ரெண்டு வார்த்தை கூட எழுதியிருக்காங்க, அதுவும் குலுக்கல்ல வந்ததுதானாம்" என்றேன். "அப்ப வேணாம்மா" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், மூன்று பள்ளிக்கூடமும் போயிற்று.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து எல்லா லேபிளிலும் கீழ் இரண்டு வரியை வெட்டினேன். இவரும் இஃப்ராவும் கூட உட்கார்ந்தார்கள். "யாருக்குத் தெரியப் போவுது" என்றவர்தான், கடைசி லேபிள்வரை உட்கார்ந்து வெட்டினார். "சித்திகா உருண்டை" மட்டும் மிச்சம். அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி, நகல் எடுத்து ஒட்டினேன். "வல்லாரையும் கறுப்பு எள்ளும் சேர்ந்தது. ருசிக்கு நான் பொறுப்பு. மார்க்குக்குப் படிக்க வேண்டும்." கடைக்கு வந்த அம்மாமார்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்கினார்கள். ஒருத்தி, "ஞாபக சக்திக்கு கேரன்டி இல்லாம எதுக்குங்க?" என்று திருப்பி வைத்துவிட்டுப் போனாள், போகட்டும். எல்லாம் விற்கவில்லை. ஆனால் அடுத்த மாதமும் கடை போடச் சொல்லியிருக்கிறார்கள், போடுவேன்.

பச்சை மூடி பார்த்து உனக்குச் சந்தேகம் வந்ததா? தாம்பரம் மார்க்கெட்டில் டப்பா கடைக்காரரிடம் அன்றைக்குப் பச்சை மட்டும்தான் இருந்ததடி. உளவியல் மேதையே, இரண்டு விஷயம் ஒன்றாக வந்தால் ஒன்றுக்கு ஒன்று காரணமாகிவிடுமா? இதை நீயே எனக்குப் போனில் அரைமணி நேரம் பாடம் எடுத்திருக்கிறாய். ஆனால் உன்மேல் கோபமில்லை. நீ சந்தேகப்பட்ட அந்தக் கடிதம் ஒரு தடவை உண்மையாகவே இருந்தது, தெருமுனைவரை போய் வந்தது.

உன் காலி இடத்தை நிரப்பிக்கொள். வகுப்பில் தலை நிமிர்ந்து படி. உன் அச்சுதன் சாரிடம் நான் சலாம் சொன்னதாகவும், அவர் சொன்னது சரிதான் என்றும் சொல். முதல் தடவை படித்தபோது அவர் என்னைத் திருடி என்கிறார் என்றுதான் நினைத்தேன். இத்தனை நாள் அந்த ஒரு சொல்லைச் சுமந்த பிறகுதான் புரிகிறது.

அடுத்த முறை இப்படி ஏதாவது செய்தால், எது எந்த டப்பா என்பதை மூன்றாவது ஆளிடம் கொடுத்து வை. நான் பொய் சொல்லிவிடுவேன் என்பதற்காக இல்லை. என்மேல் உனக்கு இருக்கிற அன்புக்காக, அதை மட்டும் என் கையில் கொடுக்காதே.

போன் பேசலாம் இல்லையா இனி? ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் பண்ணுகிறேன், எடு.

உன்
சித்திகா